காரின் வயிறும் நமது வயிறும்

(தஞ்சை வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கட்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

இன்றைய வகுப்புக்கு என்று குறித்திருந்த விஷயம் நெல் கொள்முதல். ஆனால் நாம் முதலில் காரைப் பற்றிப் பேசப் போகிறோம். "நமக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் சில தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பாதகமில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் அந்தக் கார் தானாகவே ஓடிவந்து கொள்முதல் நிலையத்து வாசலில் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

மாட்டுப் பொங்கலன்று காலை டீக்கடை பெஞ்சில் ஒரு வாக்குவாதம். ஊரிலிருந்து ஒரகடம் பக்கம் வேலைக்குப் போன ஒரு தம்பி. தஞ்சாவூரில் வாடகைக் கார் ஓட்டும் இன்னொரு தம்பி. இருவருக்கும் கார் என்றால் உயிர். ஒருவர் மாருதி பலேனோதான் சிறந்த வண்டி என்கிறார். மற்றவர் டொயோட்டா கிளான்ஸாவின் பக்கத்தில் அது நிற்க முடியாது என்கிறார். ஒருவருக்கு ஸ்டியரிங் இதமாக இருக்கிறதாம். மற்றவருக்குக் கதவு சாத்தும்போது வரும் சத்தமே தனி என்கிறார். டீ ஆறிவிட்டது. குரல் ஏறிக்கொண்டே போகிறது.

விஷயம் என்னவென்றால், தோழர்களே, கிளான்ஸா என்பது பலேனோவேதான். 2019 ஜூன் மாதத்தில் டொயோட்டா கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கட்டுவது குஜராத்தில் உள்ள சுஸுகி ஆலை. அதே இன்ஜின், அதே கதவு, அதே சீட்டு. முகப்பும் பெயர்ப் பட்டையும்தான் வேறு. இதை அந்த ஒரகடத்துத் தம்பியே கடைசியில் ஒப்புக்கொண்டார். நம்மோடு உட்கார்ந்திருந்த எழுபது வயதுப் பெரியவர், காலமெல்லாம் ஏர் ஓட்டியவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டா தம்பி, ஒரே மாட்டுக்கு ரெண்டு பேரு வச்சுக்கிட்டா இம்புட்டு நேரம் கத்துனீங்க?"

கடை முழுவதும் சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதைத் தொடர்ந்து யோசித்ததன் பலன்தான் இந்தப் பேச்சு. நாம் இயந்திர சாஸ்திரம் படித்தவர்கள் அல்ல. கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் அந்தச் சிறிய காரின் கதை. பின்பக்கம் தனிப் பெட்டி இல்லாமல், பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் குட்டிக் காருக்கு ஹாட்ச்பேக் என்று பெயர். நம் அப்பன் பாட்டன் காலத்தில் இந்த நாட்டில் கார் என்றால் அம்பாசிடர், பியட், நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அவ்வளவுதான். நம் ஜில்லாவில் அது பண்ணையார் வீட்டு வாசலிலும் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் நிற்கும். 1981-இல் மத்திய சர்க்கார் மாருதி உத்யோக் என்ற பொதுத்துறைக் கம்பெனியைத் தொடங்கி, ஜப்பானின் சுஸுகியைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டது. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800 வெளியே வந்தது. 796 சி.சி. இன்ஜின். ஒரு குமாஸ்தாவும் வாத்தியாரும் கடன் வாங்கியாவது கார் வாங்கலாம் என்ற நிலைமை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கம்பெனியை நாட்டின் பணத்தில் வளர்த்துவிட்டு, 2007-இல் சர்க்கார் தன் கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறியது. பொதுத்துறையில் பிறந்த பிள்ளை சுஸுகி வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

1998-இல் ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவைக் கொண்டு வந்தது. அதே வருஷ முடிவில் டாட்டா இண்டிகா வந்தது. 2010-இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஃபிகோ, ஒரகடத்திலிருந்து நிஸ்ஸான் மைக்ரா. காவேரியில் தண்ணீர் வராத வருஷங்களில் நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியது இந்த ஊர்களுக்குத்தான்.

நாம் காரைப் பழிக்க வரவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு வரப்பு வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை உங்கள் தாயார்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று நடுராத்திரியில் ஒரு போன் செய்தால் வாடகைக் கார் வந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வாசலில் விடுகிறது. பெரும்பாலும் அது ஒரு குட்டிக் கார்தான். அந்தச் சௌகரியம் உழைக்கும் மக்களுக்கு வேண்டும்.

கார் பிரியர்களின் அபிப்பிராயங்களையும் நாம் எள்ளி நகையாடவில்லை. அவர்கள் பல சமயம் சரியானதையே சொல்கிறார்கள். உதாரணத்துக்கு ஒன்று. 2006 முதல் 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு வரியைச் சர்க்கார் குறைத்தது. உடனே கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? பின்பெட்டி வைத்த பெரிய கார்களின் வாலை நறுக்கி 4 மீட்டருக்குள் அடக்கின. கோவணத்துக்கு அளவெடுத்து வேட்டியை வெட்டியது போல இருக்கிறது என்று கார் தம்பிகள் கேலி செய்கிறார்கள். கேலி நியாயமானதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனாலும் கம்பெனிகளின் கண் குட்டிக் கார் மீது இல்லை. அதே அடித்தளத்தின் மேல் உயரமான கூடு ஒன்றைக் கட்டி, ஜீப் போலத் தோற்றம் கொடுத்து, லட்சக்கணக்கில் கூடுதலாக வாங்குவதில்தான் அவர்களுக்கு நாட்டம்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற சோதனை அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. காற்றுப் பை இல்லாத அந்த அடிமட்ட ரகங்கள் ஐந்துக்கும், பெரியவர்களின் பாதுகாப்பு என்ற கணக்கில் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். இவற்றில் இரண்டு நம் பிள்ளைகள் கட்டியவை. காற்றுப் பை செய்யத் தெரியாத கம்பெனிகளா இவை? அந்நிய நாட்டுக்காரனின் நெஞ்சுக்குப் பை; நம் நாட்டுக்காரனின் நெஞ்சுக்கு ஸ்டியரிங் சக்கரம். கார் பிரியர்கள் சத்தம் போட்ட பிறகு, பல வருஷம் கழித்து, 2019-லிருந்து டிரைவருக்கும் 2022-லிருந்து பக்கத்தில் இருப்பவருக்கும் காற்றுப் பை கட்டாயமாயிற்று.

இனி அந்த அடித்தள விஷயம். பிளாட்பாரம் என்று கார்க்காரர்கள் சொல்கிறார்கள். நமக்குப் பிளாட்பாரம் என்றால் தஞ்சாவூர் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். அவர்கள் சொல்வது வேறு. மாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு, சக்கரம், ஏர்க்கால், நுகத்தடி இவை ஒன்றே. மேலே கூண்டு கட்டினால் கல்யாணத்துக்குப் போகும் கூண்டு வண்டி. தட்டி கட்டினால் எரு அடிக்கும் பார வண்டி. அதுபோலக் காரின் அடிச்சட்டம், சக்கரம் பூட்டும் அமைப்பு, இன்ஜின் உட்காரும் இடம் எல்லாவற்றையும் ஒருமுறை வகுத்துக்கொண்டு, மேலே வெவ்வேறு கூடு போட்டு வெவ்வேறு பெயரில் விற்பதுதான் பொதுப் பிளாட்பாரம். ஒரகடத்தில் ஒரே ஆலையில் நிஸ்ஸான் மைக்ராவும் பிறந்தது, ரெனோ பல்ஸும் பிறந்தது. சன்னிக்கு ஸ்கேலா, டஸ்ட்டருக்கு டெரானோ. கூடப்பிறந்தவர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது; ஒரே ஆளுக்கு இரண்டு சட்டை.

இது மோசடி என்று சிலர் கோபப்படுகிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஒரே அச்சில் பத்து வார்ப்பது உழைப்பை மிச்சப்படுத்தும் வழி. சோவியத் நாடே 1966-இல் இத்தாலியின் பியட் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, வோல்கா நதிக்கரையில் ஆலை கட்டி, 1970 முதல் பியட் 124 என்ற காரின் அமைப்பை வைத்தே தன் காரைச் செய்தது. அந்த ஊருக்கு இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொலியாத்தியின் பெயர். ஆகவே பொது அடித்தளம் என்பதில் குற்றமில்லை. மிச்சமான உழைப்பு யாருக்குப் போகிறது என்பதே கேள்வி.

ஒரகடத்துத் தம்பியைத் தனியாக அழைத்துப் பேசினோம். அவர் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான்கு வருஷமாக வேலை செய்கிறார். நான்கு வருஷமும் அவருக்குப் பெயர் "டிரெயினி". பக்கத்தில் நிற்பவர் "அப்ரண்டிஸ்". அதற்கு அடுத்தவர் "காண்டிராக்ட்". வரிசையின் தலைப்பில் நிற்கும் ஒருவர் மட்டும் நிரந்தரத் தொழிலாளி. நால்வரும் முடுக்குவது ஒரே திருகாணி. நால்வர் சட்டைக்கும் நிறம் வேறு, சம்பளம் வேறு. "காருக்கு மட்டும்தான் ரெண்டு பேருன்னு நினைச்சேன் தோழர், வேலைக்கு நாலு பேரு இருக்கு" என்றார். நாம் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

பாருங்கள், ஜப்பான்காரனும் பிரெஞ்சுக்காரனும் போட்டியாளர்கள். ஆனால் லாபத்துக்காக ஒரே கூரையின் கீழ் ஒரே அடித்தளத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். தொழிலாளிகள் சேர்ந்தால் மட்டும் அது குற்றம்! சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யவே 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, 37 நாட்கள், வேலை நிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகும் காத்திருந்துதான் 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அவர்கள் செய்வது பிரிட்ஜும் வாஷிங் மிஷினும். ஆனால் ரஸ்தா ஒன்றுதான், விதி ஒன்றுதான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் பிணம் எரிக்க இடமில்லாத நேரத்தில், ஒரகடத்து ரெனோ-நிஸ்ஸான் தொழிலாளர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். ஹூண்டாய் தொழிலாளர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் இரண்டு ஆலைகளும் சில நாட்கள் மூடப்பட்டன. கார் கட்டும் கைக்கும் உயிர் உண்டு என்பதை ஒரு மறியல் செய்துதான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பர் 9-ஆம் தேதி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலை நகரில் கடைசி கார் இறங்கியது. அந்த ஆலைக்கு பாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகளில் நின்ற பிள்ளைகளுக்கு யார் நஷ்ட ஈடு கொடுத்தார்கள்? அவர்களில் சிலர் திரும்பி வந்து மறுபடியும் நெல் மூட்டை தூக்குகிறார்கள்.

நெல் மூட்டை என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். சரி, இப்போது கார் வாசலுக்கு வருகிறது.

கார் பிரியர்கள் இந்த வருஷங்களில் எதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் தெரியுமா? எரிபொருளைப் பற்றி. பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கிறார்கள். அதற்கு இ-20 என்று பெயர். எத்தனால் என்றால் வேறொன்றுமில்லை, சாராயத்தின் சாரம். கரும்புப் பாகிலிருந்து காய்ச்சலாம், மக்காச்சோளத்திலிருந்து காய்ச்சலாம், அரிசியிலிருந்தும் காய்ச்சலாம். 2030-க்குள் 20 சதவிகிதம் என்று முதலில் வைத்த குறியை 2025-26-க்கு முன்னுக்கு இழுத்தது மத்திய சர்க்கார். 2023-இல் சில பங்க்குகளில் தொடங்கியது. 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது.

கார் தம்பிகளின் குறை இது: எத்தனாலின் சூடு பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் குறைகிறது. 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே, பழைய அமைப்பில் உள்ள கார்களுக்கு 6 முதல் 7 சதவிகிதமும் இரு சக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவிகிதமும் குறையலாம் என்று கணக்குச் சொன்னது. சூடு குறைவதற்கு ஈடாக விலையைக் குறைக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொன்னது. விலையைக் குறைத்தார்களா? பங்க்கில் நிற்கும் தோழர்களே சொல்லட்டும்.

நம்மிடம் கார் இல்லை, ஆனால் டி.வி.எஸ். எக்ஸெல் இருக்கிறது. பழைய வண்டி, இரண்டாம் கை. கருக்கலில் மண்வெட்டியும் சோற்று வாளியும் கட்டிக்கொண்டு பத்து மைல் போகிறவருக்கும், ஆலை ஷிப்டுக்குப் போகிறவருக்கும் அதே பங்க்கில் அதே கலவைதான். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவு சொற்பம்தான் என்று 2025-இல் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. சொற்பம் என்றால் யாருடைய கணக்கில் சொற்பம்? ஒரு நாள் கூலியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு வருகிறவரின் கணக்கிலா? எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது வேறு. நம்மூரில் ஐப்பசி கார்த்திகையில் வண்டி எங்கே நிற்கிறது? ஓட்டுத் தாழ்வாரத்தில் சொட்டச் சொட்ட நிற்கிறது.

இருக்கட்டும், இது சில்லறை. பெரிய விஷயம் அரிசி.

இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கில் கிடக்கும் அரிசியைச் சாராய ஆலைகளுக்குக் கொடுக்கலாம் என்று 2020-இல் மத்திய சர்க்கார் வழி திறந்தது. ஒரு டன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் கிடைக்கிறது. அதாவது ஒரு லிட்டருக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் அரிசி. ஒரு சாதாரண ஹாட்ச்பேக் காரின் டாங்கி 37 லிட்டர் பிடிக்கும். அதில் 20 சதவிகிதம் என்றால் 7 லிட்டருக்கு மேல் எத்தனால். அது முழுதும் அரிசியிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டால், ஒருமுறை டாங்கியை நிரப்ப 16 கிலோ அரிசி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு ஆளுக்கு மாதம் 5 கிலோ. மூன்று பேர் ஒரு மாதம் சாப்பிடும் அரிசியைக் கார் ஒரே மூச்சில் குடித்துவிடும். நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும்: எல்லா எத்தனாலும் அரிசியிலிருந்து வருவதில்லை, மக்காச்சோளமும் கரும்பும் பெரும் பங்கு. ஆனால் 2024-25 எத்தனால் ஆண்டுக்கு இவர்கள் ஒதுக்கிய அரிசி எவ்வளவு தெரியுமா? 52 லட்சம் டன். ஆளுக்கு மாதம் 5 கிலோ என்ற கணக்கில் எட்டரைக் கோடிப் பேருக்கு ஒரு வருஷச் சோறு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான்.

விலையைக் கேளுங்கள், தோழர்களே, இதைத்தான் ஊருக்கு ஊர் சொல்ல வேண்டும். 2024-25 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். நூறு கிலோ நெல்லை அவித்து அரைத்தால் அறுபத்தெட்டு கிலோ அரிசி. ரைஸ் மில் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியானால் ஒரு குவிண்டால் அரிசிக்கு நெல் விலை மட்டுமே ஏறத்தாழ 3,380 ரூபாய் ஆகிறது. அதன் மேல் அரவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை, கிடங்கு வாடகை, வட்டி. 2025-இல் சாராய ஆலை முதலாளிக்கு இந்த அரிசியை என்ன விலைக்குக் கொடுத்தார்கள்? குவிண்டால் 2,250 ரூபாய்க்கு!

அரிசியின் விலை நெல்லின் விலைக்கும் கீழே. எந்தப் பெட்டிக் கடைக்காரராவது இப்படி வியாபாரம் செய்வாரா? மிச்சத்தைக் கட்டுவது யார்? தீப்பெட்டி வாங்கும்போதும் பிஸ்கட் வாங்கும்போதும் வரி கட்டுகிற நீங்கள்தான்.

கிடங்கு நிரம்பி வழிகிறது, பெட்ரோல் வாங்க அந்நியச் செலாவணி போகிறது, வேறு வழி என்ன என்று கேட்கிறார்கள். கிடங்கு நிரம்பியது உண்மைதான். ஆனால் 2023 ஜூனில் என்ன நடந்தது? பக்கத்துக் கர்நாடக சர்க்கார் ஏழைகளுக்குக் கூடுதலாக 5 கிலோ கொடுக்க அரிசி கேட்டது. கிலோ 34 ரூபாய் கொடுத்து வாங்கவும் தயாராக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து, மாநில சர்க்கார்களுக்கு அரிசி விற்பதை நிறுத்தினார்கள். அதே கிடங்கிலிருந்து சாராய ஆலைக்குக் கிலோ 20 ரூபாய்க்கு அரிசி போய்க்கொண்டிருந்தது. கர்நாடகத்தில் அரிசிக்குப் பதிலாக ஆளுக்கு 170 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அரிசி விலை ஏறி நாடு முணுமுணுத்ததும் ஜூலையில் சாராய ஆலைக்கும் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்துவிட்டார்கள்.

2025 அக்டோபரை யாரும் மறந்திருக்க முடியாது. குறுவை நெல் கொள்முதல் நிலையங்களில் மலைபோலக் குவிந்து, மழையில் நனைந்து முளைவிட்டது. ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேல் என்று மூட்டையைத் தள்ளினார்கள். விவசாயி தார்ப்பாய்க்கு அலைந்தார். சுமைத் தூக்கும் தோழர்கள் கூலியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2018 உயிரி எரிபொருள் கொள்கை என்ன சொல்கிறது தெரியுமா? மனிதர் தின்ன லாயக்கில்லாத கெட்டுப்போன தானியத்தை எத்தனால் ஆக்கலாம் என்கிறது. கெட்டுப்போகாமல் காப்பாற்ற ஒரு கொட்டகை போடப் பணமில்லை. கெட்டுப்போனால் காருக்கு ஊற்ற ஆலை உண்டு. ஆகவே, தோழர்களே, கொட்டகை ஏன் வரவில்லை என்று கேட்கும்போது இந்த எத்தனால் கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. பிரேசில் 1975 முதலே கரும்புச் சாராயத்தில் கார் ஓட்டுகிறது. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்குப் போகிறது. 2007 மார்ச்சில் நோயிலிருந்து எழுந்து உட்கார்ந்த ஃபிடல் காஸ்ட்ரோ, கிரான்மா பத்திரிகையில் முதன்முதலாக எழுதிய விஷயமே இதுதான்: பணக்கார நாட்டுக் கார்களுக்காக ஏழை நாட்டு உணவை எரிபொருளாக்கும் திட்டத்தின் அபாயம். மறு வருஷமே உலகமெங்கும் உணவு விலை ஏறி, பல நாடுகளில் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள்.

சாராயம் வேண்டாம், வாயுவில் ஓட்டலாமே என்கிறார் வாடகைக் கார் தம்பி. வாயுவில் ஓடும் கார்கள் வந்துவிட்டன, செலவும் குறைவுதான். ஆனால் வாயு எங்கே இருக்கிறது? நம் காலடியில் இருக்கிறது. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படிவ மீத்தேன் எடுக்க ஒரு தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். படிவத்திலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றினால்தான் அந்த வாயு மேலே வரும். அந்தத் தண்ணீர் போனால் நம் போர்வெல் என்னாகும்? இயற்கை விவசாயி நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராக நடந்தார். அந்தப் பிரசாரத்தின் நடுவே 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டைப் பக்கத்தில் உயிர் விட்டார். அந்தத் திட்டம் நின்றது. பிறகு 2017-இல் நெடுவாசல். அதே 2017 ஜூன் 30-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீப்பிடித்தது; கேட்டவர்களை ஜெயிலில் போட்டார்கள். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. போராட்டம் பெற்றுத் தந்த சட்டம் அது. ஆனால் ஏற்கெனவே நடக்கும் கிணறுகளை அது தொடவில்லை.

அப்படியானால் மின்சாரக் கார்? புகையில்லை, சத்தமில்லை, நல்லதுதான். ஆனால் இந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. 2023 மார்ச் கடைசியில் மத்திய சர்க்கார் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியல் வெளியிட்டபோது அதில் நம் வடசேரி இருந்தது. மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு இருந்தன. டெல்டா முழுவதும் எழுந்த எதிர்ப்பில் ஏப்ரலிலேயே பின்வாங்கினார்கள்.

சாராயம் என்றால் நம் அரிசி. வாயு என்றால் நம் வயலுக்குக் கீழே. மின்சாரம் என்றால் அதற்கும் கீழே. சிறந்த கார் எது என்ற வாதத்தில் காருக்கு இரை போடும் இந்த ஜில்லாவின் பெயரை யாரும் சொல்வதில்லை.

இவ்வளவு பேசியதும் போன வகுப்பில் ஒரு பெண் தோழர் எழுந்து கேட்டது ஞாபகம் வருகிறது. "எம்புள்ள கார் கம்பெனியிலதான் சோறு திங்கிறான். காரே வேணாம்னா அவன் எங்க போவான் தோழர்?" நியாயமான கேள்வி. கார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவருடைய மகன் செய்யும் வேலைக்கு நான்கு பெயர் வேண்டாம், ஒரே பெயர் போதும் என்கிறோம். எத்தனாலே கூடாது என்றும் சொல்லவில்லை. கரும்புக் கழிவுப் பாகில் காய்ச்சட்டும். பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையைப் பொதுத்துறையான இந்தியன் ஆயில் கம்பெனியே தொடங்கியிருக்கிறது. மாட்டுக்குப் போக மிஞ்சும் வைக்கோலுக்கு நல்ல விலை கொடுத்து அப்படிச் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? தின்னும் அரிசி முதலில் ரேஷன் கடைக்குப் போகட்டும். ஒரு காரில் நாலு பேர் போகும் ரஸ்தாவில் ஐம்பது பேரை ஏற்றும் டவுன் பஸ் சாயந்திரம் ஆறு மணிக்கு மேலும் வரட்டும்.

அந்தப் பெண் தோழர் உடனே ஒப்புக்கொண்டார் என்று பொய் சொல்ல மாட்டோம். "பாப்போம்" என்றார். மகன் ஊருக்கு வரும்போது அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனி நமது விஷயத்துக்கு வருவோம். சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் இன்றைக்கு எத்தனை மூட்டை திறந்த வெளியில் கிடக்கிறது, தார்ப்பாய் எத்தனை இருக்கிறது, லாரி கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, மூட்டைக்கு எவ்வளவு கைக்கூலி கேட்கிறார்கள், சுமைத் தூக்குவோருக்குக் கூலி எத்தனை நாளாக நிற்கிறது என்று ஒவ்வொரு கிளைத் தோழரும் எழுந்து சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறோம். முதலில் பின்வரிசையில் சிரித்த தோழர்கள்.